பேசும்போதே எங்களுக்கும் தெரிய வேண்டும்: அரசுக் கூட்டங்களில் தரமான நேரலை எழுத்துவரி கோரி மனு

அனுப்புநர்
பொதுச் செயலாளர்,
செவித்திறன் குறைந்தோர் சங்கம்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் நலத்துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

நகல்: ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை.

பொருள்: கிராம சபை, உள்ளாட்சி மன்றக் கூட்டங்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள், அரசின் இணையவழிக் கூட்டங்கள் மற்றும் பொது நிகழ்ச்சிகளில், பேசப்படுவதை உடனுக்குடன் தமிழ் எழுத்தில் திரையில் காட்டும் வசதியை, தர அளவுகோலுடன் ஏற்படுத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவுகள் 3(5), 29, 42.
2. ராஜீவ் ரத்தூரி வழக்கில் மாண்பமை உச்ச நீதிமன்றத்தின் 8.11.2024 தீர்ப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,



எங்கள் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் பிறவியிலேயே காது கேளாதவர்கள் அல்லர். இருபது, முப்பது ஆண்டுகள் விசைத்தறிப் பட்டறையில் நின்று, தறிச் சத்தத்திலேயே காதைப் பறிகொடுத்தவர்கள் பலர். சிறுவயதில் மூளைக்காய்ச்சலில் இழந்தவர்கள் உண்டு. வயதாகிக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தவர்களும் உண்டு. எங்களுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியும், கேட்பது மட்டும்தான் நின்றுபோனது. ஐம்பது வயதில் காது போனவருக்குச் சைகைமொழி தெரியாது. இனிக் கற்றாலும் அதில் பேச வீட்டில் ஆள் இல்லை. எனவே கூட்டங்களில் சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவரை நிறுத்திவிட்டால் காது கேளாதோர் எல்லோருக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது என்ற எண்ணம் சரியல்ல. சைகைமொழியே தாய்மொழியாக உள்ள எங்கள் சகோதரர்களுக்கு அது கட்டாயம் வேண்டும், அதைக் குறைத்து எங்களுக்குத் தாருங்கள் என்று நாங்கள் ஒருபோதும் கேட்கமாட்டோம். எங்களுக்கு வேண்டியது எழுத்து. கேப்ஷன் என்று சொல்லப்படும் எழுத்துவரி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 2.2 லட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவரைச் செவித்திறன் குறைந்தவராக ஏற்கிறது. அந்த அளவை எட்டாமல், ஆனால் மைக்கில் பேசுவது புரியாமல் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்பதைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பார்த்தாலே தாங்கள் உணர முடியும்.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். வயது அறுபத்திரண்டு, தறித் தொழிலாளி. ஓர் அக்டோபர் 2 அன்று கிராம சபைக்குப் போய் முன்வரிசையில் அமர்ந்தார். காதொலிக் கருவி போட்டிருந்தார். பள்ளி வளாகத்துத் தகரக் கூரைக்குக் கீழே கூட்டம். கருவி பேச்சைப் பெரிதாக்கியதைப் போலவே கூரையின் எதிரொலியையும் மின்விசிறியின் இரைச்சலையும் பெரிதாக்கியது. ஊராட்சிச் செயலர் வாசித்தார், நாலைந்து பேர் எழுந்து பேசினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், இவரும் தட்டினார். பதிவேடு வந்தது, கையெழுத்துப் போட்டார். அவர் தெருவுக்குப் போட வேண்டிய குடிநீர்க் குழாயை வேறு வழியாகக் கொண்டுபோகும் தீர்மானமும் அன்றைய தீர்மானங்களில் ஒன்று என்பது பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. தட்டிக் கேட்கப் போனபோது, "நீங்களும்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் இந்த மனு.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் இதே நிலைதான். மனுவை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பதில் வாய்மொழியாக வருகிறது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்கிறார்கள். தமிழில் 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒரே மாதிரி இருக்கும். 'படி' என்றாரா, 'மடி' என்றாரா என்பது கண்ணுக்குத் தெரியாது. 2020இல் முகக்கவசம் வந்தபோது அந்த அரைகுறை வழியும் அடைபட்டது. கூட்டங்கள் இணையத்துக்கு மாறின. இன்றும் பயிற்சிகளும் ஆய்வுக் கூட்டங்களும் காணொலியில் நடக்கின்றன. சின்னக் கட்டத்துக்குள் தெரியும் முகம், அதுவும் பாதி நேரம் கேமராவை அணைத்துவைத்த கறுப்புக் கட்டம். அங்கே உதடும் இல்லை.

தானியங்கிக் கேப்ஷன் இருக்கிறதே என்று கேட்கக்கூடும். இருக்கிறது, நாங்களும் பயன்படுத்துகிறோம், அது வந்ததற்கு நன்றியுடையவர்கள். ஆனால் அதை நம்பி ஏமாந்த அனுபவமும் எங்களுக்கு உண்டு. உதவித்தொகை தொடர்பான ஓர் இணையவழிக் கூட்டத்தில், அதிகாரி ஒருவர் குறிப்பிட்ட பிரிவினருக்குத் தொகை "வழங்கப்படாது" என்று சொல்ல, திரையில் "வழங்கப்படும்" என்று ஓடியது. எங்கள் உறுப்பினர்கள் ஏழு பேர் அதைப் படித்துவிட்டு மறுவாரம் விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பினார்கள். ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் தனிச் சொல்லாக நிற்கும். தமிழில் அது பலநேரம் வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பேசுபவர் வாக்கிய முடிவில் குரலைத் தாழ்த்தினாலே போதும், இயந்திரம் அந்த ஈற்றை விழுங்கிவிடும், பொருள் தலைகீழாகிவிடும். போதாததற்கு, கூட்டத்தில் எவரும் எழுத்துத் தமிழில் பேசுவதில்லை. கொங்குப் பேச்சும் நெல்லைப் பேச்சும் கலந்துவரும், நடுவே ஆங்கிலம் வரும், ஊர்ப்பெயர் வரும், சர்வே எண் வரும்.

தரம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகவே. நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரக் கூட்டத்தில் 6,000 சொற்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. 600 சொற்கள் தவறு என்பதே அதன் பொருள். பிரிட்டனில் நேரலை ஒளிபரப்பின் எழுத்துவரியை அளக்க என்.இ.ஆர். என்ற முறை உள்ளது. எல்லாப் பிழைகளையும் ஒரே எடையில் வைக்காமல், வாசகரைத் தவறான பொருளுக்கு இட்டுச்செல்லும் பிழைக்கு முழு மதிப்பெண்ணையும் சிறு பிழைக்குக் கால் மதிப்பெண்ணையும் அது கழிக்கிறது. 98 விழுக்காடு வந்தால்தான் ஏற்கத்தக்கது என்பது அதன் அளவு. தமிழுக்கு இப்படி ஓர் அளவுகோலை அரசே வகுத்துத் தர வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. அதில் வினைமுற்று, எண், தேதி, தொகை, ஆள் பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றில் வரும் பிழைகளைப் பெரும்பிழைகளாகக் கணக்கிட வேண்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே ஐந்து விநாடிக்கு மேல் தாமதம் கூடாது. கேள்வி நேரம் முடிந்தபிறகு கேள்வி திரையில் வந்தால், நாங்கள் கை தூக்குவது எப்போது?

இரண்டாவதும் அவசரமானதுமான கோரிக்கை, உள்ளாட்சி மன்றங்கள் தொடர்பானது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. அதற்காக அரசுக்கு எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவிக்கிறோம். மன்றத்தில் எங்களுக்கு நாற்காலி கிடைத்திருக்கிறது. ஆனால் காது கேளாத உறுப்பினர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்து, என்ன விவாதம் நடக்கிறது என்று தெரியாமல் தீர்மானத்துக்குக் கை தூக்கினால், கிராம சபையில் எங்கள் தறித் தொழிலாளி போட்ட கையெழுத்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. செவித்திறன் குறைந்த உறுப்பினர் நியமிக்கப்படும் ஒவ்வொரு மன்றத்திலும், அவர் கலந்துகொள்ளும் முதல் கூட்டத்திலிருந்தே எழுத்துவரித் திரை இருக்க வேண்டும். பொருள் நிரலை முன்கூட்டியே எழுத்துவரி இடுபவருக்கும் அனுப்ப வேண்டும். பெயர்களும் திட்டங்களும் முன்பே கையில் இருந்தால் பாதிப் பிழை அங்கேயே குறையும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்களில் நடக்கிறது. 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலும் ஒரே நாளில் ஆள் வைத்து எழுத்துவரி இட முடியாது என்பதை நாங்கள் அறிவோம். முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யும் ஊராட்சிகளுக்கு இணையம் வழியாக அந்த வசதியைத் தரலாம். மைக்கின் ஒலியை நேரடியாகக் கைப்பேசி வழியே அனுப்பினால், மாவட்டத் தலைநகரில் இருந்தபடி ஒருவர் எழுத்தாக்கித் திரும்ப அனுப்பலாம். அதுவும் முடியாத இடத்தில், தீர்மானத்தைக் கையெழுத்து வாங்கும் முன் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவதையாவது கட்டாயமாக்குங்கள். அதற்கு ஒரு பலகையும் சாக்பீஸும் போதும்.

எழுத்துவரி இடும் ஆட்கள் எங்கே என்ற கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் சிறு ஊர்களில்கூடத் தட்டச்சுப் பயிலகங்கள் உள்ளன. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தமிழ்த் தட்டச்சுக்கும் சுருக்கெழுத்துக்கும் தேர்வு நடத்துகிறது. 1999 முதல் தமிழ்99 விசைப்பலகை நம்மிடம் இருக்கிறது. வெளிநாடுகளில் மறுபேச்சு என்ற முறையும் உண்டு: பயிற்சி பெற்ற ஒருவர் அமைதியான அறையில் அமர்ந்து, கூட்டத்தில் பேசப்படுவதைக் கேட்டு, தெளிவான உச்சரிப்பில் திருப்பிச் சொல்வார். இயந்திரம் அவர் குரலை எழுத்தாக்கும், இன்னொருவர் பிழை திருத்துவார். வட்டார வழக்கும் இரைச்சலும் இயந்திரத்தைத் தொடாமல் தடுக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. சுருக்கெழுத்துத் தேர்ச்சி பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு இதில் சான்றிதழ்ப் பயிற்சி அளித்து, மாவட்டத்துக்கு ஒரு குழுவையாவது உருவாக்கித் தர வேண்டும். ஒரே ஆளை இரண்டு மணி நேரம் தொடர்ந்து எழுத்துவரி இட வைக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள இருவர் வேண்டும்.

எழுத்துவரியின் தரம் மைக்கிலேயே தொடங்குகிறது. பேசுபவர் மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் எந்த ஆளாலும் எந்த இயந்திரத்தாலும் சரியாக எழுத முடியாது. ஒலிபெருக்கியிலிருந்து எடுக்காமல், மிக்சரிலிருந்து நேரடியாக லைன் எடுத்து எழுத்துவரி இடுபவருக்குத் தர வேண்டும். சபையிலிருந்து கேள்வி கேட்பவருக்கும் மைக் போக வேண்டும். திரை மேடையின் ஓரத்தில், நிற்பவர்களின் தலை மறைக்காத உயரத்தில், கறுப்பின்மேல் வெள்ளை எழுத்தாக இருக்கட்டும். இணையவழிக் கூட்டமானால் எழுத்துவரிக்குத் தனி இணைப்பு தந்தால் கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்துக்கொள்வோம். கூட்டம் முடிந்தபின் திருத்திய முழு எழுத்துப்படியை மூன்று நாளில் வெளியிட வேண்டும். இவற்றுக்கான செலவை, பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் ஒதுக்குவதைப் போல நிகழ்ச்சிச் செலவுத் திட்டத்திலேயே தனித் தலைப்பாகச் சேர்க்க ஆணையிடுங்கள். கேட்டால் பார்க்கலாம் என்றிருந்தால், ஒவ்வொரு முறையும் நாங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும்.

அரசு உதவி பெற்று நடக்கும் புத்தகக் காட்சிகளின் மாலை உரைகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். பிடித்த எழுத்தாளர் பேசும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது எவ்வளவு பெரிய வலி என்பதை, வாசித்தே வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஒலி வடிவில் உள்ள உள்ளடக்கங்களும் அணுகத்தக்கவையாக இருப்பதை உறுதிசெய்யும் கடமையை அரசின்மேல் வைத்து, எழுத்துவரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதே ராஜீவ் ரத்தூரி வழக்கின் தீர்ப்பு. உச்ச நீதிமன்றமே 2023 பிப்ரவரி முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணையை எழுத்தாக்கித் திரையில் காட்டியது. அந்த எழுத்துப்படியை வழக்கறிஞர்கள் சரிபார்க்கவும் ஏற்பாடு செய்தது. இயந்திரம் எழுதியதை மனிதர் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு முன்மாதிரி தேவையில்லை.

மேற்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலித்து, அளவுகோலை வகுக்க ஒரு குழுவை அமைத்து, அதில் செவித்திறன் குறைந்தவர்களையும் உறுப்பினர்களாகச் சேர்த்து, ஆறு மாதத்துக்குள் அரசாணை வெளியிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இம்மனு குறித்து எங்களை நேரில் அழைத்துப் பேசத் தாங்கள் விரும்பினால், அந்தக் கூட்டத்திலேயே எழுத்துவரிக்கு ஏற்பாடு செய்து அழைக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொதுச் செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்.

இடம்: ஈரோடு