தானா சுட்ட துப்பாக்கி

மக்களே, போன வாரம் ஒரு க்ரைம் கதை படிச்சேன். ஹீரோ ரிவால்வரால் ஆறு முறை சுடுகிறார். ஒவ்வொரு தடவையும் காலித் தோட்டா தெறித்து 'ணங்'னு தரையில் விழுகிறது. அய்யா சாமி, ரிவால்வரில் காலித் தோட்டா அந்த உருளைக்குள்ளேயேதான் கிடக்கும். நாமே திறந்து தட்டினால்தான் விழும். தெறித்து விழுவது பிஸ்டலில்.

கதைதானே, போகட்டும். ஆனா இதே அலட்சியம் நிஜச் சாவுகளைப் பற்றிப் பேசும்போதும் வருதே, அதான் எரிச்சல்.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்துப்போனார்கள். வேன் மேல் ஏறி, மஃப்டியில் நின்று ஒருவர் குறிபார்த்த படத்தை மறந்திருக்க மாட்டீங்க. அப்போ டீக்கடையில் "மெஷின் கன்னால சரமாரியா சுட்டுட்டாங்கப்பா"ன்னு பேசினவங்களில் நானும் ஒருத்தன். கோபத்தில் சொன்னதுதான். ஆனா அந்த வார்த்தை யாருக்குச் சாதகம்னு அப்புறம்தான் உறைச்சது.

நான் ஆரணிக்காரன், பட்டுத்தறி வீடு. எங்க ஊர்க்காரங்ககிட்ட விசைத்தறிச் சேலையைக் காட்டி கைத்தறின்னு சொல்லிப் பாருங்க, தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்பி வைப்பாங்க :-) 1985 கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டமும் சுருக்கமாத்தான் சொல்லுது: விசைத்தறி அல்லாத தறி எதுவோ அது கைத்தறி. என்ன நெய்தாங்க என்பதை வெச்சு இல்லை, எது ஓட்டுது என்பதை வெச்சுத்தான் பிரிவு.

துப்பாக்கியையும் இப்படித்தான் பிரிக்கணும். சுட்ட பிறகு காலித் தோட்டாவை வெளியே தள்ளணும், அடுத்ததை உள்ளே ஏத்தணும். இதை யார் செய்யறாங்க? இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழலை மடித்துத் திறந்து கையால் போடணும். பழைய .303 என்ஃபீல்டில் பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளணும், அதான் போல்ட் ஆக்‌ஷன். பம்ப் ஆக்‌ஷனில் குழலுக்குக் கீழே இருக்கும் பிடியை இழுத்துத் தள்ளணும். இதெல்லாம் கைவேலை.

தூத்துக்குடிச் செய்திகளில் அடிபட்ட பெயர் எஸ்.எல்.ஆர். செல்ஃப் லோடிங் ரைஃபிள். சுட்டதும் வரும் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும், அதுவே காலியை எறிந்து அடுத்த தோட்டாவை ஏத்திக்கும். பெட்டியில் 20 தோட்டா. ஆனா ஏத்திக்குமே தவிர, தானா சுடாது. விசையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிச்சாலும் ஒரு குண்டுதான். விரலைத் தளர்த்தி மறுபடி இழுத்தால்தான் அடுத்தது.

முழு ஆட்டோமேட்டிக் வேற. 1959 ஆயுதச் சட்டமே அதைத் தனியா வரையறுத்து, தடை செய்யப்பட்ட ஆயுதம்னு வெச்சிருக்கு: விசையை அழுத்தினால், விடும்வரைக்கோ தோட்டா தீரும்வரைக்கோ சுட்டுக்கிட்டே இருப்பது. ஸ்விட்சைப் போட்டால் தார் தீரும்வரை ஓடும் விசைத்தறி மாதிரி.

அப்போ எஸ்.எல்.ஆர். எது? ஜக்கார்டு போட்ட கைத்தறி. மிதிச்சா அட்டை தானா மாறும், அடுத்த இழை எதுன்னு பெட்டியே தூக்கிக் கொடுக்கும். ஆனா நாடாவை விடறது கை. ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு இழுப்பு. அப்பா ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான தடவை கயிறு இழுத்திருப்பார். அதைப் பார்த்து "தறி தானா நெய்தது"ன்னு எவனாவது சொன்னா எங்க வீட்டில் சோறு கிடைக்காது.

"சரமாரியா சுட்டாங்க", "துப்பாக்கி வெடித்தது"ன்னு எழுதும்போது பழி இயந்திரத்து மேல போயிடுது. எஸ்.எல்.ஆரில் பத்து குண்டு பாய்ஞ்சிருந்தா, ஒருத்தர் பத்து தடவை விரலை இழுத்திருக்கார். நடுவில் ஒவ்வொரு முறையும் நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கு. ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிலிருந்து போலீஸ் சுட்டதாக நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. அதைப் படிக்கும்போது துப்பாக்கியின் வகையையும் சேர்த்துப் படிங்க. ரெண்டும் ஒன்னு சேரும்போதுதான் விஷயத்தோட கனம் தெரியும்.

"செத்தவனுக்கு எந்த ஆக்‌ஷனா இருந்தா என்ன?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். செத்தவனுக்கு ஒன்னுமில்லை. சுட்டவனுக்கு இருக்கு.

டிஸ்கி: பேரில் 'ஆட்டோ' இருந்தாலும் ஏமாறாதீங்க. .45 ஏ.சி.பி. தோட்டாவின் பெயரிலேயே 'ஆட்டோமேட்டிக்' இருக்கு. அதைச் சுடும் கோல்ட் 1911 பிஸ்டலும் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுதான்.