நுரைக்குப் பொறுப்பு யார்?

மழைக்காலத்தில் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறக்கும்போது, தென்பெண்ணையில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் கலக்கும் பெங்களூருச் சாக்கடைநீரிலுள்ள சலவைத்தூள், நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. மதகில் விழும் நீரில் காற்று புகுந்ததும் எழும் குமிழிகள் எளிதில் உடைவதில்லை. காரணம் தெரிந்துவிட்டது. பொறுப்பாளி?

பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஆலைக்குப் பெயர்ப்பலகை உண்டு. லட்சக்கணக்கான குளியலறைகளுக்கு? (துணி துவைத்ததற்காக யாரையும் கூண்டில் ஏற்ற முடியாதல்லவா!) சாக்கடைக்குக் கட்டணம் வாங்கும் அரசு அமைப்பே பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு முதலில், எல்லையில் இரு மாநிலங்களும் சேர்ந்து நீரைச் சோதித்து, முடிவைப் பலகையில் எழுதி வைக்கட்டும். அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சும் உழவர் படித்துக்கொள்வார்.