இருதயத்துக்குள் நுழையாமல் அழுத்தம் பார்க்கலாம்!

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690-ல் முற்றுகையிட்டது. உள்ளே நுழைய ஏறத்தாழ 8 ஆண்டுகள் பிடித்தன.

மனிதனின் இருதயமும் ஒரு கோட்டைதான். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றைத் தம் கை ரத்தக்குழாய்க்குள் செலுத்தினார். அதை இருதயம் வரை கொண்டு போனார். 1956-ல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார். 1970-ல் நுனியில் பலூன் வைத்த குழாய் வந்தது. அது நுரையீரல் ரத்தக்குழாய்க்கே போய் அழுத்தத்தை அளந்தது.

ஏன் அளக்க வேண்டும்?

இருதயத்தின் வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. இடப்பக்கம் பழுதானால் ரத்தம் தேங்குகிறது. மடை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஏறும் அல்லவா? அதுபோல நுரையீரலில் அழுத்தம் ஏறும். மூச்சு வாங்கும். கால் வீங்கும்.

சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இருதய வால்வைச் சுருக்கிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஆபத்து அதிகம்.

ஆனால், உயிருக்குப் போராடும் நோயாளிக்குக் குழாய் செருகுவதும் ஆபத்தே. ரத்தம் கசியலாம். கிருமி புகலாம்.

ஒலி போடும் கணக்கு

இங்கேதான் எக்கோ உதவுகிறது. காதுக்குக் கேட்காத ஒலியை மார்பின் மேலிருந்து அனுப்புகிறார்கள். ஹாரன் அடித்து வரும் பஸ் நம்மைத் தாண்டியதும் ஓசை மாறுகிறது. அதேபோல் ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியும் மாறும். அதை வைத்து வேகம் தெரிந்துவிடும்.

வலப்பக்க வால்வில் ரத்தம் சிறிது பின்னோக்கிக் கசியும். அதன் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. அதை 4-ஆல் பெருக்கினால் 36. வலது மேலறையின் அழுத்தம் 10 என்றால் அதையும் கூட்டுங்கள். மொத்தம் 46. இது அதிகம்.

எங்கே தவறும்?

இது மதிப்பீடுதான். 10 புள்ளிக்கு மேலும் வித்தியாசம் வரலாம். கசிவு இல்லாவிட்டால் கணக்கே இல்லை. செயற்கை சுவாசத்தில் இருப்பவருக்குப் படம் தெளிவாக விழாது. எனவே எக்கோ எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. சந்தேகம் வந்தால் குழாய்ச் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும்.

செஞ்சிக்கு என்ன தேவை?

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கோட்டைக்குப் பெருமை வந்தது. ஊர் மக்களின் உயிருக்கும் காவல் வேண்டாமா? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுவை ஜிப்மருக்கோ நோயாளியை அனுப்புவதா என்பதைச் சீக்கிரம் முடிவு செய்ய எக்கோ உதவும்.

கருவி மட்டும் வந்தால் போதாது. பழகிய கை வேண்டும். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, அல்ட்ராசவுண்ட் கருவி வைக்கும் இடத்தைப் பதிவு செய்யவும் வேண்டும்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? "வயசாகிவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்!