துளை போடப் பணம் தருவது யார்?

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் நிலத்தில் அப்பா போர் போட்டபோது அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. தண்ணீர் வந்த பிறகுதான் பம்புசெட்டுக்கு வங்கிக் கடன் கிடைத்தது.

பூமிக்குள் இருக்கும் வெப்பத்தால் மின்சாரம் எடுக்க முனையும் ஏழை நாடுகளின் கதையும் இதேதான். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம் துளைக்க வேண்டும். கிணறு ஒன்றுக்குப் பல கோடி ரூபாய் ஆகும். நீராவி வருமா என்பது துளைத்த பின்தான் தெரியும். மேம்பாட்டு வங்கிகளோ நெடுங்காலமாக, நீராவி உறுதியான பின் மின்நிலையம் கட்டத்தான் தாராளமாகக் கடன் கொடுத்து வந்தன.

கென்யாவைப் பாருங்கள். ஓல்கரியாவில் 1981-ல் 15 மெகாவாட்டில் தொடங்கினார்கள். இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பெரும் பங்கு பூமி வெப்பத்திலிருந்து வருகிறது. துளையிடும் பொறுப்பை அரசு நிறுவனங்களே ஏற்றன. மெனங்காய் எரிமலைப் பகுதிக்கு 2011-ல் ஆப்பிரிக்க மேம்பாட்டு வங்கி, துளையிடும் கட்டத்திலேயே கடன் தந்தது. நல்ல காரியந்தான். ஆனாலும் கடன் கடன்தானே! கிணறு பொய்த்தாலும் திருப்பிக் கட்டவேண்டியவர்கள் கென்ய மக்கள். அப்படிப் பொய்த்த கிணற்றின் கடனில் ஒரு பங்கையாவது வங்கி தள்ளுபடி செய்ய வேண்டும் என்பேன். நடக்காத காரியமல்ல. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கென 2012-ல் ஏற்பட்ட நிதியம், சோதனைக் கிணற்றுச் செலவில் 40 சதவீதம் வரை மானியமாகவே தர முன்வந்தது.