கைமணம் என்னும் கட்டுக்கதை

நம் இலக்கிய இதழ்களில் ஒரு கட்டுரை வகை நிலைபெற்றுவிட்டது. நகரத்தில் வேலை பார்க்கும் ஆண் ஒருவர் ஊரையும் அம்மாவையும் அம்மா வைத்த குழம்பையும் நினைத்து உருகுவார். மண்சட்டி வரும், விறகடுப்பு வரும், அம்மியில் அரைத்த மிளகாயின் காரம் வரும். அந்தக் குழம்புக்குப் புளி எவ்வளவு, எதை முதலில் வதக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பது மட்டும் வராது. 'அது அம்மாவின் கைமணம், எழுத்தில் அடங்காது' என்று கட்டுரை முடிந்துவிடும். அந்த முடிவை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

கைமணம் என்பது பாராட்டுப் போலத் தோன்றும் ஒரு பறிப்பு. ஆண் சமைத்துச் சிறந்தால் நளபாகம், வீமபாகம் என்று அவன் பெயரையே அதற்குச் சூட்டினோம். பெண் சமைத்துச் சிறந்தால் அது அவள் கையின் இயல்பு என்றோம். கை தானாக மணப்பதில்லை. நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் செய்து, கெட்டுப்போனதை நினைவில் வைத்து, மறுமுறை திருத்திக்கொண்ட அறிவு அது. அறிவென்று ஒப்புக்கொண்டால் கேட்டு எழுதிவைக்கும் கடமை நம் தலையில் விழும். கைமணம் என்று சொல்லிவிட்டால் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொள்ளலாம்.

எழுத்தில் அடங்காது என்பதும் உண்மையன்று. அதிரசத்தை எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடிக்க வேண்டும். வெல்லப் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் நிற்க வேண்டும். விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். உருண்டை கெட்டியாகித் தட்டில் போட்டால் ஒலிக்குமானால் அது பொருவிளங்காய்க்கு உரிய பாகு, அதிரசத்துக்கு ஆகாது. கம்பிப் பாகு, தக்காளிப் பதம், பச்சை வாசனை போதல், எண்ணெய் பிரிதல், நுரை கட்டுதல் என்பன வெறும் பேச்சு வழக்குகள் அல்ல. கண்ணும் காதும் மூக்கும் விரலும் அளந்ததைச் சொல்வதற்கு அடுப்படி உண்டாக்கிய கலைச்சொற்கள். இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. மாவு கோடையில் விரைவாகவும் குளிரில் மெதுவாகவும் புளிக்கும் என்பதையும் சேர்த்து எழுதுவதில் என்ன தடை? எழுதிவைத்தாலும் ஒவ்வொருவர் கையிலும் ருசி சற்று மாறும். ஸ்வரப்படுத்திய கீர்த்தனையும் அப்படித்தான் மாறுகிறது. அதற்காக யாரும் ஸ்வரப்படுத்தாமல் விடவில்லை.

பழம் இலக்கியத்தைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அதையாவது கவனித்திருக்க வேண்டும். நல்லியக்கோடன் அளிக்கும் விருந்து வீமன் இயற்றிய நூலின் முறை வழுவாமல் ஆக்கப்பட்டது என்கிறது சிறுபாணாற்றுப்படை. நாடகக் கணிகையர் கற்கும் கலைகளுள் மடைநூலையும் வைத்து எண்ணுகிறது மணிமேகலை. சமையலுக்கு நூல் உண்டு, அது கற்கத்தக்கது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் நமக்குத்தான். சமையல் புத்தகத்தைக் கோலப் புத்தகத்தோடு சேர்த்து அடுக்கி வைத்துவிட்டு, தமிழ் உரைநடை வரலாற்றை அது இல்லாமலே எழுதி முடிக்கிறோம்.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. திருமணமாகிப் போகும் பெண்களின் பெட்டியில் பல தலைமுறைகளாக இடம்பெற்ற நூல். உருக்கமும் நினைவேக்கமும் அதன் வேலையல்ல. இதைச் செய், பின் இதைச் செய் என்று நடக்கும் உரைநடை. அதைப் படித்து, அடுப்பையே அறியாத ஒருத்தி சாம்பார் வைத்துவிட முடியும். நூறு உருக்கக் கட்டுரைகளால் ஆகாத காரியம் இது. உரைநடைக்கு இதைவிடக் கடுமையான தேர்வு ஏது?

ஆனால் அந்த நூல் காட்டுவது ஒரு சமூகத்தின் சைவச் சமையலறையை மட்டுமே. அது அதன் ஆசிரியர் குற்றமன்று. தம் வீட்டில் அறிந்ததை அவர் எழுதினார். மற்ற வீட்டாரின் சமையலை அதே பொறுமையோடு யார் எழுதினோம்? பெரும்பாணாற்றுப்படை எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் எனப் பல வாயில்களில் நின்று, எந்த வீட்டில் என்ன உணவு என்று சொல்கிறது. அதில் உடும்பிறைச்சியும் உண்டு, மாவடுவும் உண்டு. அந்தப் பரப்பு நம் புத்தக அலமாரியில் இல்லை.

வகுப்பில் ஒருமுறை, வீட்டில் விரும்பிச் செய்யும் ஓர் உணவின் செய்முறையை எழுதிவரச் சொன்னேன். வந்த தாள்களில் பெரும்பாலும் சாம்பார், கேசரி, பாயசம். ஒரு மாணவி மட்டும் வகுப்பு முடிந்தபின் தனியாக வந்து, "ஐயா, ரத்தப் பொரியலை எழுதலாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த தயக்கத்தை அவளுக்குக் கற்பித்தது நாம்தான். சாஹு பட்டோலே மராத்தியில் தலித் சமையலை 2015இல் நூலாக்கினார். அது 2024இல் ஆங்கிலத்துக்கும் சென்றது. அங்கே எழுத முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடித் தொகுத்த தமிழ்த்துறைகள் கருவாட்டுக் குழம்பையும் களியையும் அதே அக்கறையோடு தொகுக்கட்டும். பாடலைப் பாடிய கிழவியேதான் குழம்பும் வைத்தாள். அவளிடம் பாடலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியது பாதி வேலை.

அம்மாவின் சமையலைப் பற்றி அடுத்து எழுதவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ஊருக்குப் போய் ஒரு நாள் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் கையில் அள்ளுவதை அடுப்பில் போடுமுன் வாங்கி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஏன் இப்போது இறக்குகிறாய் என்று கேளுங்கள். அவரிடம் பதில் இருக்கும். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே உங்கள் பெயர் இருக்கட்டும். செய்முறைக்குக் கீழே அவர் பெயர் இருக்கட்டும்.