ஏலியன் 3 அவ்வளவு மோசமான படமா?

(படம் பார்க்காதவர்கள் கவனிக்க: முடிவு உட்பட முழுக்கதையும் கீழே இருக்கிறது.)

ஏலியன் பட ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சண்டை நிச்சயம். 1992ல் வந்த ஏலியன் 3 தேறுமா, தேறாதா?

திட்டுபவர்களின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1986ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த ஏலியன்ஸ் படத்தில், நியூட் என்ற சிறுமியைக் காப்பாற்ற ரிப்ளி உயிரைக் கொடுத்துப் போராடுகிறாள். ஹிக்ஸ் என்ற வீரனும் பிழைக்கிறான். அடுத்த படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இரண்டு பேரும் காலி! அப்படியென்றால் அத்தனை பாடும் வீண்தானே என்கிறார்கள்.

வீண் இல்லை. முதல் படத்தில் (1979) ரிப்ளி போராடியது தன் உயிருக்காக. இரண்டாவதில் ஒரு குழந்தைக்காக. மூன்றாவதில் அவளுக்கென்று யாருமே இல்லை. உடம்புக்குள் ராணி ஏலியன் வளர்கிறது. கம்பெனி ஆட்கள் வந்து, "அதை எடுத்துவிடுகிறோம், நீ வாழலாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம்" என்று ஆசை காட்டுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பிராணிதான் என்று அவளுக்குத் தெரியும். உலையில் குதிக்கிறாள். முதல் படத்தில் கப்பல் ஊழியர்கள் செத்தாலும் பரவாயில்லை என்று உத்தரவு போட்ட கம்பெனியை அவள் உண்மையிலேயே தோற்கடிப்பது இங்கேதான். நியூட் உயிரோடு இருந்திருந்தால் இந்த முடிவை இவ்வளவு தெளிவாக எடுத்திருக்க முடியுமா?

இன்னொன்று. ஏலியன்ஸில் ராணுவ வீரர்களிடம் எல்லா ஆயுதமும் இருந்தது, ஆனாலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். இங்கே கொலைகாரர்களும் பலாத்காரக் குற்றவாளிகளும் அடைபட்ட சிறைக் கிரகம், ஒரு துப்பாக்கி கூடக் கிடையாது. கதவுகளை மூடி மூடி, தாங்களே இரையாக ஓடி, ஏலியனை ஈய உலைக்கு இழுத்துவருகிறார்கள். சமூகம் தூக்கியெறிந்தவர்கள் செய்யும் இந்தத் தியாகம் சாதாரணமானதா?

குறைகள் இல்லாமல் இல்லை. திரைக்கதை முடியாமலே படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார்கள். மொட்டைத் தலைக் கைதிகளில் யார் யாரென்று புரிவதற்குள் பாதிப்பேர் செத்துவிடுகிறார்கள். சில காட்சிகளில் ஏலியன் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. இது டேவிட் ஃபின்ச்சரின் முதல் படம். ஸ்டூடியோவின் தலையீட்டில் நொந்துபோன அவர், இதைத் தன் படம் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. அவர் பங்கேற்காமலே 2003ல் டிவிடியில் வந்த பதிப்பு அரைமணி நேரம் நீளம். கைதிகள் அதில்தான் மனிதர்களாகத் தெரிகிறார்கள். திட்டுபவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் திட்டலாம்.

1997ல் ரிப்ளியைக் குளோனிங் செய்து திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவள் கதை அந்த உலையிலேயே முழுமையாக முடிந்துவிட்டது.