ஃப்ளூரின் ஏறினால் இரட்டைப் பிணைப்பு செத்துவிடுமா?

குலசேகரத்தில் விடியும் முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். சிரட்டையில் சொட்டும் ரப்பர் பாலில் இருப்பது இரட்டைப் பிணைப்புகள் வரிசையாகக் கோத்த சங்கிலி. பழைய ரப்பர் பேண்டை இழுத்தால் வெடிப்பு விழுகிறதே, காற்றிலுள்ள ஓசோன் கடிப்பது அந்தப் பிணைப்பைத்தான்.

அதைச் சுற்றி வளர்கிற பிள்ளைகளும் தேர்வுக்கு மனப்பாடம் செய்வது ஒரு வரி: ஃப்ளூரின் எலக்ட்ரானை இழுக்கும், ஆகவே ஃப்ளூரின் ஏறிய ஆல்கீன் வினைபுரியாது. கேட்டால் நான்ஸ்டிக் தோசைக்கல்லைச் சாட்சிக்கு இழுப்பார்கள்.

சுத்தப் பிழை! தோசைக்கல்லில் உள்ள டெஃப்லானில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. அது பிறந்த கதைதான் எதிர்ச்சாட்சி. 1938 ஏப்ரல் 6 அன்று ராய் பிளங்கெட் திறந்த சிலிண்டரிலிருந்து டெட்ராஃப்ளூரோஎத்திலீன் வாயு வரவில்லை. உள்ளேயே தானாகச் சேர்ந்து வெள்ளைப் பொடியாகிக் கிடந்தது. நான்கு ஃப்ளூரின் ஏறிய அந்த மூலக்கூறின் பை பிணைப்பு எத்திலீனுடையதைவிடப் பலவீனமானது. செத்த பொருளா இது?

சரி, இருப்பதிலேயே எளிய ஆளை அனுப்பிப் பார்க்கலாம்: ஹைட்ரஜன் அணு. ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான், அவ்வளவுதான். ஒரு கார்பனில் இரண்டு ஃப்ளூரின், மறு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் உள்ள 1,1-டைஃப்ளூரோஎத்திலீனில் அது பெரும்பாலும் ஃப்ளூரின் இல்லாத முனையில் போய் ஒட்டுகிறது. எத்தனை ஃப்ளூரின் என்பதோடு, எங்கே ஃப்ளூரின் என்பதும் கணக்கு.

தாக்குவது யார் என்பதும் கணக்கு. மெத்தில் ரேடிக்கல் எத்திலீனைவிட டெட்ராஃப்ளூரோஎத்திலீனோடு வேகமாகச் சேரும். ட்ரைஃப்ளூரோமெத்தில் ரேடிக்கலுக்கோ நேர் எதிர். ஒரு வரி விதி இங்கே என்ன செய்யும்?

இது மார்க்கோடு முடிகிற சண்டை இல்லை. கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ வாயுவில் இரட்டைப் பிணைப்பு இல்லை. காற்றில் சுமார் 14 ஆண்டு தங்கிப் பூமியைச் சூடாக்கும். அதற்கு மாற்றாக வந்த 1234ஒய்எஃப் நான்கு ஃப்ளூரின் ஏறிய ஆல்கீன். ஹைட்ராக்சில் ரேடிக்கல் அதன் இரட்டைப் பிணைப்பில் பாய்வதால் இரண்டு வாரத்துக்குள் சிதைகிறது. நல்லதுதான். ஆனால் சிதைந்து ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலமாகி மழையோடு இறங்குகிறது; அது எளிதில் அழியாது.

மனப்பாட வரியை நம்பியவனுக்கு இதில் நன்மையும் தெரியாது, ஆபத்தும் தெரியாது. ஃப்ளூரின் எங்கே, வருகிறவன் யார் என்று முதலில் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். விடை பிறகு வரட்டும்.